திங்கக்கிழமை வரைக்கும் டைம் கேட்டாரு

"அந்தப் பாய்மர வெடிப்புப் படங்கள மட்டும் திங்கக்கிழமை வரைக்கும் அனுப்பாம வெச்சுக்கோ, நானே மேல ஏறித் தட்டிப் பார்த்துட்டுச் சொல்றேன்"னு அந்த ஸ்கிப்பர், அதாவது கப்பலோட கேப்டன், கேட்டாரு. "அது என் கையில இல்லைங்க"ன்னு நான் சொன்னேன். அவ்ளோதான் பேச்சு. கத்தல, சண்டை போடல, அவர் ஊத்திக் குடுத்த காபியக் கூட முழுசா குடிச்சுட்டுத்தான் கப்பலை விட்டு இறங்கினேன். ஆனா இன்னிக்கும் கார்டுலேர்ந்து ஃபைல் காப்பி ஆகறதுக்காக சும்மா உக்காந்திருக்கற நேரம் பார்த்து அந்தப் பதில் வந்து உறுத்துது. என் கையில இல்லையாமே. கேமரா, கார்டு, லேப்டாப் எல்லாம் பின்ன யார் கையில இருந்துச்சாம்.

நெதர்லாந்துல இருக்கற என்க்ஹாய்சன் ஹார்பரை குளிர்காலத்துல பார்த்தவங்களுக்குத் தெரியும், பழைய பாய்க்கப்பலுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வரிசையா நிக்கும். முக்கால்வாசி 1880லேர்ந்து 1920க்குள்ள கட்டின சரக்குக் கப்பலுங்க, இரும்பு உடம்பு, உருளைக்கிழங்கும் செங்கல்லும் ஏத்தினது. டீசல் எஞ்சின் வந்ததும் பாய்மரத்தக் கழட்டிப் போட்டுட்டாங்க, அப்புறம் 1960, 70கள்ல இளவட்டங்க சில பேர் அந்த இரும்பு உடம்ப மலிவா வாங்கி மறுபடி மரம் நட்டு, பாய் கட்டி, ஆளுங்கள ஏத்திக்கிட்டு ஐசல்மீர் ஏரியில சுத்த ஆரம்பிச்சாங்க. அதனால கப்பலுக்கு நூறு வயசு தாண்டியிருந்தாலும் மேல இருக்கற மரமும் கயிறும் அந்த வயசு கிடையாது. பாய் பழுப்பா இருக்கறதால இந்தக் கூட்டத்துக்கே பழுப்புக் கப்பற்படைன்னு பேரு. முன்ன பாய் மக்காம இருக்க காசுக்கட்டியக் காய்ச்சி அதுல முக்குவாங்க, ஆமா, நம்ம வெத்தலையோட போடற அதே காசுக்கட்டிதான். இப்ப பாய் பாலியெஸ்டர், கலர் மட்டும் அதே பழுப்பு.

நான் அங்க எடுக்கறது காலண்டர் படம் இல்ல. கப்பல் ரிக்கிங்க சோதிக்கற ஒரு சர்வேயருக்காக எடுக்கறேன். பாய்மரம், அதைப் பக்கவாட்டுல இழுத்துப் பிடிக்கற இரும்பு வடம், கப்பி, பின் போட்டு மாட்டற இரும்பு வளையமான ஷாக்கிள், வடத்தத் திருகி இறுக்கற டர்ன்பக்கிள்னு ஒவ்வொண்ணையும் கீழேர்ந்து மேல வரைக்கும் எடுக்கணும். இதுக்கு நல்ல வெயில் நாள் வேஸ்ட், இரும்புப் பட்டைக்குக் கீழ நிழல் விழுந்து ஒண்ணுமே தெரியாது. மேகமூட்டமா இருந்தா பட்டைக்கு அடியில கூட வெளிச்சம் போய்ப் பூந்துக்கும். பின்னாடி வானம் பளீர்னு இருக்கும், கேமராவோட மீட்டரை நம்பினா பாய்மரம் கரிக்கட்டையா வரும், அதனால ரெண்டு ஸ்டாப் கூட்டி வெச்சு வானம் வெளுத்தா வெளுக்கட்டும்னு எடுப்பேன். கரையிலேர்ந்து நீள லென்ஸ்ல ஒரு ரவுண்டு, அப்புறம் தொங்கு நாற்காலியில மேல இழுத்து விடச் சொல்லி பக்கத்துலேர்ந்து ஒரு ரவுண்டு. வடத்துல கம்பி இழை அறுந்து முள்ளாட்டம் நீட்டிக்கிட்டு இருக்கா, வடத்தைப் பின்னி முடிச்ச இடத்துல சுத்தின துணிக்கு அடியிலேர்ந்து துருத்தண்ணி வடியுதா, ஷாக்கிள் பின் கழண்டு வராம இருக்கக் கட்டற கம்பி இருக்கா இல்லையா, இதெல்லாம் தெரியற மாதிரி எடுக்கணும். ஒரு கப்பலுக்கே நூத்துக்கணக்குல ஃப்ரேம் விழும், பெரும்பாலும் பார்க்க போர் அடிக்கற படங்க.

அன்னிக்குக் கண்ணுல பட்டது பெரிய பாய்மரத்துல, மேல வடங்களெல்லாம் வந்து மாட்டற இரும்புப் பட்டைக்குக் கீழ. நீளவாக்குல ஒரு வெடிப்பு, அதோட வாயில மட்டும் மரம் கருத்திருந்துச்சு, ஓரத்துல லேசா பச்சை, பாசி புடிக்க ஆரம்பிச்ச பச்சை. வார்னிஷ் அந்த இடத்துல நகம் வெச்சா உரியற அளவுக்குத் தூக்கிக்கிட்டு இருந்துச்சு. நான் நகம் வெக்கல, படம்தான் எடுத்தேன். நேரா ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு, கையில இருந்த சின்ன டார்ச்சை சாய்ச்சு அடிச்சு வெடிப்போட ஆழம் தெரியற மாதிரி, அளவு டேப்பை வெச்சு, டேப் இல்லாமன்னு எடுத்துக்கிட்டே இருந்தேன்.

கீழ இறங்கினதும் ஸ்கிப்பருக்கு லேப்டாப்புல காட்டினேன். காட்டியிருக்கவே வேணாம், யாரும் காட்டச் சொல்லல. ஆனா அவர் கப்பல், அவர் மரம், அவர் ஆளுதான் என்னை மேல இழுத்து விட்டது, காட்டாம மூடி வெச்சுக்கிட்டுப் போறது திருட்டுத்தனமா பட்டுச்சு. அவர் ரொம்ப நேரம் பார்த்தாரு. "மரம்னா வெடிக்கும், காயும்போது நீளவாக்குல வெடிக்கறது எல்லா மரப் பாய்மரத்துலயும் இருக்கு"ன்னாரு. அது உண்மைதான், அந்த ஹார்பர்ல எந்த மரத்த நிமிர்ந்து பார்த்தாலும் ரெண்டு வெடிப்பு இருக்கும். "தட்டினா தெரிஞ்சுடும், நல்ல மரம் டங்குன்னு சொல்லும், உளுத்தது தொப்புன்னு சொல்லும்"னாரு. பலாப்பழத்தத் தட்டிப் பார்க்கற எங்க ஊர் ஆளுங்க ஞாபகம் வந்து எனக்கு சிரிப்பு கூட வந்துச்சு. அதுக்கப்புறம்தான் அந்தத் திங்கக்கிழமை.

அன்னிக்கு வெள்ளிக்கிழமை. நான் அன்னிக்கு ராத்திரியே மொத்த ஃபோல்டரையும் அனுப்பிட்டேன். சனி, ஞாயிறு சர்வேயர் மெயிலே திறக்க மாட்டார்னு எனக்குத் தெரியும். அதாவது ஸ்கிப்பர் கேட்ட டைம் நடைமுறையில அவருக்குக் கிடைக்கத்தான் செஞ்சுது, அவர் பேரால கிடைக்கல, அவ்ளோதான். ஞாயித்துக்கிழமை அவர் ஏறித் தட்டிப் பார்த்து "ஒண்ணும் இல்ல, டங்குன்னுதான் கேக்குது"ன்னு எனக்கு மெசேஜும் போட்டாரு. அதுக்குள்ள படம் போய்ச் சேந்தாச்சு. அவரே முதல்ல சர்வேயருக்கு ஃபோன் போட்டு "இப்படி ஒரு வெடிப்பு இருக்கு, பார்த்துட்டேன், நீங்களும் வந்து பாருங்க"ன்னு சொல்லியிருந்தா அது பொறுப்பான ஸ்கிப்பர். என் படம் முந்திக்கிட்டதால அவர் மறைச்ச ஸ்கிப்பர் மாதிரி ஆயிட்டாரு. மறைக்கத்தான் நினைச்சாரா? எனக்கு அப்படித் தோணல. ஆனா தோணலைங்கறத வெச்சு நான் முடிவு பண்ணவும் முடியாதே.

ஏன் முடியாதுன்னா ஹார்லிங்கன், அதே நாட்டுல இன்னொரு துறைமுக ஊர். 2016 ஆகஸ்ட் 21. இதே மாதிரி ஒரு பழைய கப்பல், பயணம் முடிஞ்சு ஹார்பர்கிட்ட வர்ற நேரம், பாய்மரம் ஒடிஞ்சு டெக்ல விழுந்து ஜெர்மன்காரங்க மூணு பேர் செத்துப் போனாங்க. மரம் உள்ளுக்குள்ள உளுத்துப் போயிருந்துச்சுன்னு டச்சுப் பாதுகாப்பு வாரியத்தோட விசாரணையில வந்துச்சு. 2022ல இன்னொரு கப்பல்ல பூம், அதாவது பாயோட அடி விளிம்பப் பிடிக்கற கட்டை, விழுந்து 12 வயசுப் பொண்ணு. இந்த வேலையில இருக்கற யாருக்கும் இது ரெண்டும் மனசுக்குள்ள ஓடாம ஒரு மரத்த நிமிர்ந்து பார்க்க முடியாது. ஸ்கூல் பசங்க ஏறற கப்பல், நான் ஒரு படத்த மூணு நாள் வெச்சுக்கிட்டேன்னே வைங்க, அந்த மூணு நாள்ல குளிர்காலம்கறதால கப்பல் எங்கயும் போகப் போறதில்ல, சரி, ஆனா மூணு நாள் ஒரு வாரம் ஆகும், "ரிப்பேர் பண்ணிட்டேன், இனி அந்தப் படம் எதுக்கு"ன்னு வரும், அப்புறம் அந்தப் படம் போகவே போகாது. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கறேன். சொல்லி முடிச்சதும் இன்னொன்னு தோணும், அவர் அப்படி ஒரு வாரம் கேக்கவே இல்லையே, கேக்காததுக்கெல்லாம் சேர்த்து நான் ஏன் பதில் சொன்னேன்னு.

அப்புறம் நடந்தது. சர்வேயர் வந்தாரு, அவரும் தட்டினாரு, மனசு ஒப்பல, கிரேன் வெச்சு மரத்த இறக்கச் சொல்லிட்டாரு. கருத்திருந்த இடத்தச் சுரண்டி, துளை போட்டுப் பார்த்ததுல மேல்தோல் மட்டும்தான் சாம்பல் பூத்திருந்துச்சாம், அதுக்குக் கீழ நல்ல மரம், துளைக்கும்போது வந்த தூள் வெளுப்பா, காஞ்சு வந்துச்சாம். ஸ்கிப்பர் சொன்ன டங்கு சரிதான். ஆனா மரம் கிடையில கிடக்கும்போது மத்த இடத்தையும் பார்த்தாங்க. பாயோட மேல் விளிம்பத் தாங்கற காஃப் கட்டையோட கவை, அதாவது பாய்மரத்தக் கவ்விப் பிடிக்கற முனை, வந்து உரசற இடத்துல மரம் தேயாம இருக்க ஒரு தாமிரத் தகடு சுத்தி ஆணி அடிச்சிருப்பாங்க, அதைப் பிரிச்சாங்க. ஆணி ஓட்டை வழியா தண்ணி இறங்கி அடியில ஸ்க்ரூடிரைவர் சுலபமா உள்ள போற அளவுக்கு மெத்துன்னு இருந்துச்சாம். சர்வேயர் ஃபோன்ல சொன்னப்போ "உன் படத்தாலதான் கண்டுபிடிச்சோம்"னு என்னமோ பாராட்டு மாதிரி சொன்னாரு.

என் படத்தாலயா? அந்தத் தாமிரத் தகட்ட நானும் எடுத்திருக்கேன். ஒரே ஒரு ஃப்ரேம். அதுவும் எதுக்கு எடுத்தேன்னா அழகா இருந்துச்சு. கவை உரசின பக்கம் செப்புப் பாத்திரம் தேச்ச பளபளப்பு, உரசாத பக்கம் கரும்பச்சை, ஆணித் தலைங்க வரிசையா. அந்த ஷூட்லயே எனக்குப் புடிச்ச படம் அதுதான், என் போர்ட்ஃபோலியோவுல போட்டிருந்தேன். கருத்த வெடிப்புக்கு டார்ச் அடிச்சு, டேப் வெச்சு, அத்தன கோணத்துல எடுத்த நான் இதுக்கு ஒரு கிளிக்.

இதுதான் என்னை அதிகமா கொடையுது. சர்வேயர் எப்பவும் சொல்வாரு, நீ படம் எடு, தீர்ப்பு சொல்றது என் வேலைன்னு. நானும் அத நம்பி, அந்த தைரியத்துலதான் ஸ்கிப்பர்கிட்ட என் கையில இல்லன்னு சொன்னேன். ஆனா ஃபோல்டரத் திறக்கற ஆள் என்ன பார்ப்பான்? ஒரு கப்பிக்கு ரெண்டு படம், ஒரு ஷாக்கிளுக்கு ஒண்ணு, திடீர்னு ஒரு வெடிப்புக்கு மட்டும் வரிசையா ஒரு டஜன். கேப்ஷன்ல நான் ஒரு வார்த்தை கூட எழுதல, "பெரிய பாய்மரம், மேல்பட்டை, வலது பக்கம்" அவ்ளோதான். எழுதலைன்னா சொல்லலைன்னு ஆகுமா? அந்த ஒரு டஜன் படமே கத்திச் சொல்லுச்சு. ஸ்கிப்பர் அதைத்தான் பார்த்திருப்பாரோன்னு இப்பத் தோணுது. வெடிப்பைப் பத்தி அவர் பயப்படல, மரம் எப்படின்னு அவருக்குத் தெரியும். நான் எத்தன தடவ எடுத்திருக்கேன்னு ஸ்க்ரோல் பண்ணிப் பார்த்துட்டுத்தான் அவர் டைம் கேட்டாரு.

சரி, அதுக்காக சந்தேகப்பட்ட இடத்த ஒரே ஒரு படத்தோட விட்டிருக்கணுமா? கண்ணுன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு. சந்தேகப்பட்டது தப்பான இடமா இருந்தாலும் அந்தச் சந்தேகத்தாலதான் மரம் இறங்குச்சு, மரம் இறங்கினதாலதான் தகட்டப் பிரிச்சாங்க, பிரிக்காம விட்டிருந்தா அடுத்த சீசன்ல அந்த மரத்துக்குக் கீழதான் பசங்க உக்காந்து சாண்ட்விச் சாப்பிட்டிருப்பாங்க. இந்தக் கணக்குல நான் செஞ்சது சரி. ஆனா இந்தக் கணக்கு எனக்கு ரொம்ப வசதியா இருக்கறதால எனக்கே இது மேல நம்பிக்கை வரமாட்டேங்குது.

ஸ்கிப்பருக்கு அந்த வசந்தகால புக்கிங் எல்லாம் போச்சு. கெட்ட பகுதிய வெட்டி எடுத்து புது மரம் ஒட்டி சரி பண்ணி கோடை நடுவுல மறுபடி ஓட்டினாரு, அதுக்கடுத்த வருசம் கப்பல வித்துட்டாரு. மரம்தான் காரணம்னு யாரும் என்கிட்ட சொல்லல. வயசு ஆச்சு, இடுப்பு வலி, கொரோனா காலத்துக் கடன்னு மத்தவங்க சொன்னாங்க. அவர நான் ஒரு தடவ ஹார்பர்ல பார்த்தேன், வேற ஒருத்தர் கப்பல்ல கயிறு பின்னிக்கிட்டு இருந்தாரு. தகடு விஷயம் பத்தி பேச்ச எடுக்கலாம்னு நின்னேன். அவரே முந்திக்கிட்டு, "அந்தத் தகட்ட பத்து வருசம் முன்ன நான்தான் அடிச்சேன், ஆணிக்கு அடியில பிசின் வெச்சுத்தான் அடிச்சேன்"னாரு. பத்து வருசமா அந்த மரத்துக்குக் கீழ ஓட்டினவரு அவருதான். அவருக்கு நான் என்ன சொல்ல. மெயின் ஷீட், அதாவது பெரிய பாய இழுத்துப் பிடிக்கற கயிறு, அதோட கப்பி பத்தி ஏதோ கேட்டுட்டு வந்துட்டேன்.

இப்ப நான் ஒரு ரூல் வெச்சிருக்கேன். எந்தப் பாகமா இருந்தாலும், நல்லா இருந்தாலும் சந்தேகமா இருந்தாலும், ஒரே எண்ணிக்கையில படம், ஒரே கோணங்கள், எல்லாத்துக்கும் அதே டார்ச். போர்ட்ஃபோலியோவுலேர்ந்து தகடு படத்த எடுத்துட்டேன், அப்புறம் மறுபடி போட்டுட்டேன், நல்ல படம் அது. சர்வேயருக்குப் புது ரூல் புடிக்கல. போன வாரம் கூட ஃபோன் பண்ணி, இவ்ளோ ஃபைல யார் உக்காந்து பார்க்கறது, எங்க பிரச்சனைன்னு ஒரு அம்புக்குறி போட்டாவது அனுப்பேன்னு கடிஞ்சாரு. போட மாட்டேன்னு சொல்லிட்டேன். அடுத்த கப்பல் புதன்கிழமை, மேகமூட்டம்னுதான் வானிலை சொல்லுது.