சேம்பிலை மாதிரி ஒரு மண்

கோலாலம்பூர் செந்தூலில் மாமாவின் மோட்டார் பட்டறையை மூடி இரண்டு வருடமாகிறது. பின்புறம் முப்பது வருடமாகப் பழைய எஞ்சின் எண்ணெய் சிந்திய இடம், தண்ணீர் ஊற்றினால் உள்ளே இறங்காமல் சேம்பிலையில் உருளுவதுபோல் முத்து முத்தாக ஓடும். அங்கேதான் அத்தைக்குக் கறிவேப்பிலை வைக்க ஆசை.

இணையத்தில் அறுபது வெள்ளிக்கு (ரிங்கிட்) 'எண்ணெய் தின்னும் பாக்டீரியா' ஒரு புட்டி வாங்கி ஊற்றினேன். மூன்று வாரமாகியும் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். சூடோமோனாஸ், ரோடோகாக்கஸ் மாதிரி எண்ணெய் தின்னும் பாக்டீரியா ஆட்கள் எண்ணெய் ஊறிய மண்ணில் பெரும்பாலும் ஏற்கெனவே குடியிருக்கிறார்களாம், அவர்களுக்கு எண்ணெயில் கார்பன் மலையாகக் கிடக்கிறது, தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) காற்றும்தான் பஞ்சம். 1989இல் எக்ஸான் வால்டெஸ் கப்பல் அலாஸ்காவில் எண்ணெயைக் கொட்டியபோதும் கரையில் பெரிய அளவில் தெளித்தது உரத்தைத்தான். நான் வாங்கியது வெறும் வாடைத் தண்ணீர் என்று சொல்லமாட்டேன், ஆனால் அறுபது வெள்ளிக்கு நிறைய உரம் வந்திருக்கும்.

சரி, தார் மாதிரி கெட்டியாக இருந்த மேல்மண்ணை உரிமம் உள்ள கழிவுக்காரர்களிடம் கொடுத்துவிட்டேன், அதைக் குப்பையில் போட இங்கே சட்டம் விடாது. மீதியைத் தார்ப்பாய் விரித்து ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பி, காளான் வளர்த்து மிஞ்சிய கழிவையும் யூரியாவையும் தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் உள்ள என்பிகே உரம் கொஞ்சத்தையும் கலந்தேன். நூறு பங்கு கார்பனுக்குப் பத்துப் பங்கு நைட்ரஜன், ஒரு பங்கு பாஸ்பரஸ் என்பது பொதுவான கணக்கு. ஞாயிறுதோறும் மண்வெட்டியால் புரட்டல், இடுப்பு விட்டுப்போகும். கோலாலம்பூர் சூடு பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம், பனிக்காலத் தூக்கமே கிடையாது. மாலை நாலு மணி மழைதான் வில்லன், ஒரு தடவை மூட மறந்தேன், போட்ட உரத்தில் பாதி சாக்கடைக்குப் போயிருக்கும்.

ஐந்தாம் மாதம் வாடை குறைந்தது, ஊற்றிய தண்ணீர் உருளாமல் உள்ளே இறங்கியது. ஒரு ஓரத்தில் புல்லும் முளைத்தது. ஆனால் எண்ணெயின் பெரிய மூலக்கூறுகள் லேசில் சிதையாது, பழைய எண்ணெயில் வரும் ஈயத்தையும் துத்தநாகத்தையும் எந்தப் பாக்டீரியாவும் தின்று தீர்க்காது. அதனால் அங்கே செம்பருத்தி, கறிவேப்பிலை தொட்டியில் என்று முடிவு செய்தேன்.

"புல்லே முளைக்குது, கறிவேப்பிலை முளைக்காதா?" என்கிறார் அத்தை. மண்ணை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும்.