எண்ணெய்க் காசு வாங்கலாமா?

டெக்சஸில் பொறியாளராக இருக்கும் என் அக்காள் மகன், தனியார் விமானி உரிமம் பெற்று ஓராண்டு ஆகிறது. சென்ற வாரம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கும் என்னை அழைத்து, "மாமா, கூட வேலை செய்யும் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு ஒரு கூட்டத்துக்கு நானே விமானம் ஓட்டிப் போகப் போகிறேன். முழுச் செலவையும் கம்பெனி தருமாம். வாங்கலாமா?" என்று கேட்டான். தோட்ட ஆபீசில் முப்பது ஆண்டுகள் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவனுக்கு விதிமுறையை வரி வரியாகப் படிக்காமல் தூக்கம் வராது.

அமெரிக்க விமானத்துறையின் 61.113ஆம் விதி, தனியார் விமானி கூலிக்குப் பறக்கக்கூடாது என்று தொடங்கி, பிறகு சில விலக்குகளைத் தருகிறது. பறப்பது அவன் தொழிலுக்குத் துணைக்காரியமாக மட்டும் இருந்து, கூலிக்கு ஆளையோ சரக்கையோ ஏற்றாதவரை, கம்பெனி பணம் கொடுக்கலாம். ஆகவே தனியாகப் போனால் சிக்கல் இல்லை. ஆட்களை ஏற்றிவிட்டால், தன் தலைக்குரிய பங்குக்குக் குறையாமல் விமானியும் போட்டாக வேண்டும். வாடகை 540 டாலர், ஆட்கள் மூவர் என்றால், அவன் பங்கு 180. பகிரக்கூடியவை எரிபொருள், எஞ்சின் எண்ணெய், விமான நிலையக் கட்டணம், விமான வாடகை ஆகிய நான்கு மட்டுமே. சொந்த விமானத்தின் காப்புறுதியையும் வருடாந்தரப் பரிசோதனைச் செலவையும் அதில் நுழைக்க முடியாது. பிறர் காசில் சேரும் பறப்பு மணி நேரத்தைக்கூட அத்துறை ஊதியமாகக் கருதும் என்பதைப் படித்தபோது, எங்கள் பழைய தோட்டத் துரையே தேவலை என்று தோன்றியது.

இதற்கெல்லாம் மேலாக, விமானிக்கும் அங்கே போவதற்குச் சொந்தக் காரணம் இருக்க வேண்டும். தைப்பூசத்துக்கு எங்கள் லயத்து ஆட்களை அப்பா வேனில் பத்துமலைக்கு அழைத்துப் போவார். எண்ணெய்க் காசைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்து, தன் பங்கையும் மைலோ டின்னில் போடுவார். ஒருமுறை சாலைத் தடுப்பில் அந்த டின்னைப் பார்த்த அதிகாரி, "கெரேத்தா சாப்புவா?" என்று கேட்டார்; உரிமமில்லாத வாடகை வண்டியா என்று அர்த்தம். அப்பா தோளில் கிடந்த மஞ்சள் துண்டையும், மடியில் இருந்த பால்குடத்தையும் காட்டினார். அதிகாரி கையசைத்து அனுப்பிவிட்டார். வேண்டுதல் இல்லாத ஒருவர், கேட்டவரையெல்லாம் ஏற்றிக்கொண்டு போயிருந்தால் கதை வேறு.

இணையத்தில் இருக்கைகளை அறிவித்துச் செலவைப் பகிர வழி செய்த ஃபிளைட்நவ் என்ற நிறுவனம் இந்த இடத்தில்தான் மாட்டியது. ஊரறிய ஆள் கூப்பிடுவது வாடகை ஓட்டமே என்ற விமானத்துறையின் நிலைப்பாட்டை 2015இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. எனவே மருமகனிடம், ஆபீஸ் அறிவிப்புப் பலகையில் எதையும் ஒட்டாதே என்றும் சொன்னேன்.

"அப்படியென்றால் 180 டாலரை நானே போடவேண்டுமா?" என்றான். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "காரிலேயே போகிறோம் மாமா" என்றான்.