சுக்குத் தண்ணியும் சிசேரியன் தையலும்

என் தங்கைக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். குழந்தை குறுக்கே கிடப்பதால் சிசேரியன்தான் என்று சொல்லிவிட்டார்களாம், அன்றிலிருந்து தினமும் போனில் அழுகை. அவளுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன், மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கும் வேறு யாருக்காவது உதவும்.

எல்லோரும் பயப்படுவது ஆபரேஷன் அறைக்கு. ஆனால் சீக்கிரம் முடிவதும் அதுதான். முதுகை வளைத்து உட்கார வைத்து முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில் ஊசி போடுவார்கள், கொஞ்ச நேரத்தில் கால் இரண்டும் மரத்துவிடும். சிறுநீருக்குக் குழாய், நெஞ்சுக்கு நேரே திரை. நாம் விழித்துக்கொண்டுதான் இருப்போம். வலி தெரியாது, ஆனால் உள்ளே அமுக்குவதும் இழுப்பதும் நன்றாகத் தெரியும், அதற்குப் பதற வேண்டாம். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் குழந்தை வெளியே வந்துவிடும், தையல் போடத்தான் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். சிலருக்கு உடம்பு வெடவெடவென்று நடுங்கும். எனக்கும் நடுங்கியது, தானாகவே நின்றுவிட்டது.

மறுநாள் மிஸ்ஸி (நர்ஸ்) வந்து எழுந்து நடக்கச் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் உறைந்துவிடும் என்று அவர் சொன்ன பிறகுதான் புரிந்தது. பக்கவாட்டில் புரண்டு கையை ஊன்றி எழ வேண்டும். இருமலோ தும்மலோ வந்தால் தலையணையைத் தையல் மேல் அணைத்துப் பிடித்துக்கொள்ளலாம். வயிற்றை அறுத்து எடுத்தாலும் இரத்தப்போக்கு இருக்கும், சிலருக்கு ஆறு வாரம் வரை. பால் கொடுக்கும்போது அடிவயிறு இழுத்துப் பிடிக்கும், அது கர்ப்பப்பை சுருங்குவது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குச் சிரமமே. பார்க்க வந்த ஒரு அத்தை, "வலியில்லாம பெத்துட்டே" என்றார். இரவெல்லாம் அழுதேன். அடுக்கடுக்காக வெட்டித் தைத்த உடம்பை யாரும் அப்படிச் சொல்லக் கூடாது.

அப்புறம் பத்தியம். பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு எல்லாம் மாமி அன்போடு செய்து கொடுத்தார், நானும் ருசித்துச் சாப்பிட்டேன். ஆனால் தண்ணீர் குடித்தால் தையலில் சீழ் பிடிக்கும் என்று நாளைக்கு இரண்டு டம்ளர் சுக்குத் தண்ணியோடு நிறுத்திவிட்டார். ஐந்தாம் நாள் மலச்சிக்கலில் முக்கவும் முடியாமல், தையல் பிரிந்துவிடுமோ என்ற பயத்தில் கழிவறையிலேயே அழுதேன். வயிற்றையும் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தோம். கிளினிக்கிலிருந்து வீட்டுக்கு வந்த மிஸ்ஸி கட்டை அவிழ்த்துப் பார்த்தால், தையலின் ஓரம் ஈரமாக, சிவந்து இருந்தது. அவர் மாமியைத் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார வைத்து, "புண் ஆறணும், பால் ஊறணும், ரெண்டுக்கும் தண்ணி வேணும்மா" என்றார். அன்று மாலையே மாமி என் தலைமாட்டில் பெரிய பிளாஸ்க் நிறைய வெந்நீர் கொண்டு வந்து வைத்தார்.

வேலைக்குப் போகிறவர்களே, 2023 ஜனவரியிலிருந்து தனியார் துறையிலும் பேறுகால விடுப்பு 98 நாள். முழுதாக எடுங்கள். ஆறு வாரத்துக்குக் குழந்தையை விடக் கனமான எதையும் தூக்க வேண்டாம், தண்ணீர் வாளி உட்பட.

தங்கச்சி, காய்ச்சல் அடித்தாலோ, தையலில் சீழ் வந்தாலோ, ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்தாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதே. செம்பனைக்காட்டு மண்சாலையைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போகவே நேரம் பிடிக்கும். எந்நேரமானாலும் எனக்குப் போன் போடு, காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.