குசினி முறையும் கூட்டாளிகளும்

மட்டக்களப்பின் கிறிஸ்தவக் கல்வி என்றதும் 1814 இல் வில்லியம் ஓல்ட் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரியும், யேசு சபைத் துறவிகள் வளர்த்தெடுத்த புனித மிக்கேல் கல்லூரியுமே பலருக்கும் நினைவுக்கு வரும். நான் விடுதிப் பொறுப்பாளராக இருந்த கல்லூரி அவற்றோடு சேர்த்துப் பேசக்கூடியதன்று. சமய பாடத்தோடு தொழிற்பயிற்சியும் அளித்த சிறிய நிறுவனம் அது. மாணவர் தொகை குறைவாக இருந்தபடியால் யார் எந்த ஊர்ப் பிள்ளை, யாருடைய கட்டணம் நிலுவையில் இருக்கிறது என்பதெல்லாம் எவருக்கும் மறைவாக இருக்கவில்லை. அத்தகைய இடத்தில், யாருக்கு என்ன வேலை கொடுக்கிறோம் என்பதே யார் யாரோடு பழகுவார் என்பதையும் பெருமளவு தீர்மானித்துவிடுகிறது.

முற்றம் கூட்டுவதும் சிற்றாலயத்தைத் துப்புரவு செய்வதும் எல்லோருக்கும் முறை வைத்து வந்த வேலைகள். அவற்றால் ஒரு சிக்கலும் எழவில்லை. தும்புத்தடியைக் கண்டதும் காணாமற்போகும் சிலர் எந்த விடுதியிலும் இருப்பார்கள். குசினியில் பாத்திரம் கழுவுவதும் சாப்பாட்டு மண்டபத்தில் பரிமாறுவதும் மட்டும் கட்டணச் சலுகை பெற்றவர்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்தன. படுவான்கரையிலிருந்து வாவி கடந்து வந்த பிள்ளைகளே அவர்களிற் பெரும்பாலோர். வேளாண்மை வெள்ளத்தில் அழிந்த ஆண்டில் அவர்கள் வீடுகளிற் கட்டணத்துக்கு வழியேது? வயலில் வரம்பு கட்டிப் பழகியவர்களுக்குச் சட்டி கழுவுவது பாரமன்று. ஆனால், இராச் சாப்பாடு முடிந்ததும் மற்றவர்கள் கரம் பலகையைச் சுற்றி அமர்ந்து கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். இவர்கள் கை துடைத்துக்கொண்டு வரும்போது ஆட்டத்துக்குச் சோடிகள் சேர்ந்திருக்கும், படிப்பு மணியும் அடித்துவிடும்.

அதைப் பற்றி அவர்கள் முறையிட்டதில்லை. மூத்த மாணவன் ஒருவன் மட்டும் ஒருநாள், "சேர், பரிமாறுற முறைய எல்லாருக்கும் போட்டா என்ன? எங்களுக்கு லைப்ரரி வேலையத் தாங்க" என்று கேட்டான். ஆசிரியர் கூட்டத்தில் நான் அதை முன்வைத்தபோது, ஆண்டவரே சீடர்களின் கால்களைக் கழுவினாரே, பணிவிடையில் என்ன குறைவு என்று ஒருவர் வினவினார். கழுவியவர் போதகர் என்பதையும், சீடர்களுள் வறியவனை அழைத்து அவர் அதைச் செய்விக்கவில்லை என்பதையும் சொன்னேன். அதிபர் சிரித்துவிட்டு இணங்கினார்.

அதன்பின் பரிமாறும் முறை அனைவருக்கும் வந்தது. நூலகப் பதிவும் களஞ்சியக் கணக்கும் சலுகை பெற்றோரிடம் போயின. நான் எதிர்பாராத பயன் ஒன்று இதனால் விளைந்தது. எங்கள் மாணவர்களில் இந்துக்களும் கணிசமாக இருந்தனர். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு, குறிப்பாக அம்மனைக் குளிர்விக்கும் நிறைவுச் சடங்கான குளிர்த்தியன்று, ஊருக்குப் போகாமல் அவர்களால் இருக்க முடியாது. அந்நாட்களில் அவர்களுடைய குசினி முறையைக் கிறிஸ்தவ மாணவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். மார்கழி மழையில் கரோல் பாடக் குழு வீடுவீடாகப் போன இரவுகளில் இந்து மாணவர்கள் அந்தக் கடனைத் தீர்த்தார்கள். ஒன்றுகூடல் விழாக்களுக்கு நாங்கள் செலவிட்ட பணம் இவ்வளவு நெருக்கத்தை உண்டாக்கியதாக எனக்குத் தோன்றவில்லை. பட்டியலில் அடித்தல் திருத்தல் மலிந்திருப்பதாக அலுவலகத்தில் முணுமுணுப்பு இருந்தது. முறை மாற்றிக்கொள்பவர்கள் முதல்நாள் மாலைக்குள் எனக்கு அறிவிக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நிபந்தனை எதையும் நான் விதிக்கவில்லை.