பனிச்சரிவுத் தாள்: வானத்தைப் பார்க்காதீர்கள், படிக்கட்டைப் பாருங்கள்

பெறுபேறு நேற்றிரவு வந்தது. பனிச்சரிவுப் பாதுகாப்புப் பயிற்சியின் தாளிலும் களப் பரீட்சையிலும் ஏ. அதற்குள் வட்ஸ்அப்பில் "எப்படிப் படித்தீர்கள்?" என்று கேள்விகள் குவிந்துவிட்டன, முக்கியமாக அடுத்த குளிர்காலத்தில் காஷ்மீரின் பனிச்சறுக்கு மலையான குல்மார்க் போக இருக்கும் வெள்ளவத்தை, தெஹிவளைத் தம்பி தங்கச்சிமாரிடமிருந்து. தனித்தனியாகப் பதில் எழுத எனக்குப் பொறுமை இல்லை. எல்லாருக்கும் சேர்த்து இது.

தாளின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். குறுவினாக்களுக்குக் குறிப்பைப் பாடமாக்கினால் போதும். ஆளைத் தூக்கிவிடுவதும் கவிழ்ப்பதும் கடைசிச் சூழ்நிலை வினாதான்: வரைபடம், வானிலை, குழு விவரம் தந்துவிட்டு, போகலாமா, எந்த வழியால், ஏன் என்று கேட்பார்களே, அது.

அதில் நம்மவர்களுக்கென்றே ஒரு பொறி உண்டு. நமக்குச் சரிவு என்றால் மண்சரிவு. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தைத் தோட்ட லயங்கள் புதைந்தன, 2016 மே மாதம் அரநாயக்க. மழை சேர்ந்தது, மலை இறங்கியது. கீழே இருந்த சனம் அதைத் தூண்டவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் 24 மணிநேர மழை 75, 100, 150 மில்லிமீற்றரைத் தாண்டுவதை வைத்துத்தான் எச்சரிக்கையைக் கூட்டுகிறது. அந்தப் பழக்கத்தில் இந்த வினாவுக்கும் வானிலையிலிருந்தே பதில் தொடங்குவோம்: எவ்வளவு பனி விழுந்தது, எப்போது நிற்கும்?

பனிச்சரிவு வேறு ஆள். உயிரைக் கொண்டுபோகும் சரிவுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பதைத் தொடக்கிவிடுவது அதில் சிக்கியவரோ அவருடைய குழுவில் ஒருவரோதான். பழைய பனியில் பிடிப்பில்லாத ஒரு மெல்லிய படை புதைந்து கிடக்கும். மேலே காற்று குவித்த பனி பலகைபோல் இறுகி நிற்கும். சறுக்கிக்கொண்டு வருபவரின் பாரம் அந்தப் படையை உடைத்தால் முழுப் பலகையும் கிளம்பிவிடும். வானம் நீலமாக இருக்கும் காலையிலும் இது நடக்கும். அப்படியான காலையில்தானே எல்லோரும் சறுக்கப் போகிறார்கள். 2023 பெப்ரவரியில் குல்மார்க்கின் அப்பர்வாத் மலையில் பனிச்சரிவில் சிக்கிப் போலந்து நாட்டவர் இருவர் இறந்ததைப் பற்றி வாசித்துவிட்டுப் போங்கள். கேபிள் கார் 3,900 மீற்றருக்கு மேலே இறக்கிவிடுகிறது என்பதற்காக, அங்கிருந்து இறங்கும் எல்லாப் பக்கத்தையும் காவலர்கள் சோதித்துப் பாதுகாப்பாக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை.

ஆகவே விடையின் முதல் வரி சாய்வாக இருக்கட்டும். வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். பலகைச் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகைக்குள், அதிலும் 38ஐ ஒட்டி. வரைபடத்தில் சமவரைகள் (ஒரே உயரத்தைக் காட்டும் கோடுகள்) நெருங்கும் செங்குத்தான இடத்தை அடையாளமிட்டு, வழியை அதற்கு வெளியே வரையுங்கள். பனி நிலை, காற்று எல்லாம் அப்புறம்.

கண்ணுக்குப் பாகை பழக கொழும்பே போதும். போனில் சாய்வுமானி செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு பார்க்கும் படிக்கட்டையெல்லாம் முதலில் கண்ணால் மதிப்பிடுங்கள், பிறகு அளந்து பாருங்கள். சாதாரண மாடிப்படி 30க்கும் 37க்கும் இடையில்தான் இருக்கும். நீங்கள் தினமும் ஏறும் ஃபிளாட் படி, பனி மூடியிருந்தால் சரியக்கூடிய சாய்வு! ரயில் நிலைய மேம்பாலத்தில் நின்று அளந்தபோது ஓர் ஐயா, "என்ன தம்பி, மாநகர சபையா?" என்று கேட்டார்.

சூழ்நிலை வினாவில் புள்ளி தரும் மற்றவை:

- சமதரையில் நிற்பதால் தப்பினோம் என்று எழுதாதீர்கள். மேலே செங்குத்து இருந்தால் கீழே நின்றபடியே அதைக் கிளப்பலாம்.
- பனி 'வும்ஃப்' என்று அமுங்கினால், காலடியிலிருந்து வெடிப்பு ஓடினால், பக்கத்துச் சாய்வில் புதிய பனிச்சரிவுத் தடம் தெரிந்தால், வேறு சோதனை தேவையில்லை. திரும்புங்கள்.
- ஐந்து நிலை அபாய அளவுகோலில் மூன்று என்பது 'நடுத்தரம்' அல்ல. உயிரிழப்புகள் நிறைய நடப்பது அந்த நிலையில்தான்.
- ஆபத்தான சாய்வை ஒவ்வொருவராகக் கடக்க வேண்டும். மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று கண் எடுக்காமல் பார்க்க வேண்டும்.
- "முன்னால் போனவர்களின் தடம் இருக்கிறது" என்று வினாவில் வந்தால் அது தூண்டில், பாதுகாப்புக்குச் சான்று அல்ல.

கூட்டாகப் படிக்கச் சொல்வார்கள். எனக்கு அது சரிவராது; நாலு பேர் இருந்தால் அரட்டைதான் நடக்கும். தனியாக இருந்து வரைபடம் கீறுங்கள்.

பனிக்குள் பிடிப்பில்லாத படையைத் தேடும் அமுக்கச் சோதனைக்கு, பனியில் 30க்கு 30 சென்ரிமீற்றர் தூண் வெட்டுங்கள். மணிக்கட்டால் 10, முழங்கையால் 10, தோளிலிருந்து 10 தட்டு. எத்தனையாவது தட்டில் உடைந்தது என்பதோடு நிறுத்தாமல், வெட்டியதுபோல் வழுக்கி வந்ததா, நொறுங்கியதா என்றும் எழுதுங்கள். எங்கள் குறிப்பில் அதற்கு ஒரு வரிகூட இல்லை, தாளில் மட்டும் கேட்டார்கள். பயிற்றுநர்களைக் கேட்டால் "வாயால் சொன்னோமே" என்றார்கள்.

களப் பரீட்சையில் எல்லோரும் பீக்கனைத்தான் (புதைந்தவரைத் தேட ஒவ்வொருவரும் அணியும் சமிக்ஞைக் கருவி) பழகுகிறார்கள். நேரம் போவது தோண்டுவதில். புதைந்தவரை முதல் 15 நிமிடத்துக்குள் எடுத்தால்தான் நல்ல வாய்ப்பு, நின்றுபோன சரிவுப் பனியோ கல்லாக இறுகியிருக்கும். துழாவுகோல் தட்டிய இடத்துக்கு நேர் மேலே வெட்டாமல், ஆழத்தின் ஒன்றரை மடங்கு தூரம் சரிவில் கீழே இறங்கி, அங்கிருந்து உள்நோக்கி வெட்டுங்கள். வெள்ளவத்தைக் கடற்கரை ஈரமணலில் இதைப் பழகினேன், நாரி விட்டுப்போனது.

பீக்கனுக்கு ஆல்கலைன் பற்றரி. சார்ஜ் பண்ணும் பற்றரியைப் பல மாதிரிகள் ஏற்காது. தேடும்போது போனை அணைத்துப் பைக்குள் போடுங்கள். இயங்கும் போன் பீக்கனிலிருந்து 50 சென்ரிமீற்றராவது தள்ளி இருக்க வேண்டும். பரீட்சகர் இதை நினைவூட்டமாட்டார், உங்கள் சட்டைப்பையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.