அன்னபூர்ணாவுக்கு முன் காத்மாண்டு

நேபாளத்தில் அன்னபூர்ணா பனிமலையின் அடிவார முகாமான பேஸ் கேம்ப் போவதென்று முடிவானதும், காத்மாண்டுவில் இறங்கிய கையோடு மலைக்குப் பக்கத்து ஊரான போக்ராவுக்கு பஸ் ஏறிவிடலாம் என்றார்கள் உடன் வந்தவர்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. 4,130 மீட்டர் உயரத்துக்குப் போகிறவர்கள் வாங்குவதை, எடுப்பதை நிதானமாகச் செய்யவேண்டாமா?

முதல் வேலை, அன்னபூர்ணா பகுதிக்குள் நுழைவதற்கான அனுமதிச் சீட்டு. போக்ராவிலும் கிடைக்கும், நாங்கள் காத்மாண்டுவில் சுற்றுலா வாரிய அலுவலகத்திலேயே வாங்கிவிட்டோம். மற்ற வெளிநாட்டினருக்கு 3,000 நேபாள ரூபாய். சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவர் என்பதால் எங்களுக்கு 1,000தான். பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்களை ஊரிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். அங்கே வார விடுமுறை சனிக்கிழமை என்பதையும், கடிகாரம் நம்முடையதைவிட 15 நிமிடம் முன்னால் ஓடுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது, காத்மாண்டுவில் சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் தமேல். சந்துக்குச் சந்து மலையேற்றச் சாமான் கடைகள். பெரிய கம்பெனிப் பெயர் தைத்த ஜாக்கெட்டுகளில் பெரும்பாலானவை போலி. அதற்காக எல்லாமே மட்டம் என்று சொல்லமாட்டேன். இறகு அடைத்த டவுன் ஜாக்கெட்டையும், உள்ளே புகுந்து தூங்கும் ஸ்லீப்பிங் பேக்கையும் வாடகைக்கு எடுப்பதே என் கட்சி. ஊருக்குத் திரும்பிய பிறகு அவற்றை எங்கே போடுவது? ஆனால் கடையிலேயே சோதித்துவிட வேண்டும். தையலை விரலால் அழுத்தினால் இறகு வெளியே துருத்தக்கூடாது. ஸ்லீப்பிங் பேக்கை உள்பக்கம் திருப்பி முகர்ந்து பார்க்கவேண்டும், கூச்சமே வேண்டாம். எனக்குக் கொடுத்த ஜாக்கெட்டின் ஜிப் மார்பருகே சிக்கியது. கடைக்காரர் அசரவில்லை, மேசைக்கடியிலிருந்து ஒரு துண்டு மெழுகுவர்த்தியை எடுத்துப் பற்களின்மேல் தேய்த்தார். ஜிப் சரசரவென்று ஏறிவிட்டது! ஷூ மட்டும் ஊரில் நடந்து பழகிய சொந்த ஷூவாகவே இருக்கட்டும்.

பேரம் பேசுமுன் ‘ஐசியா, என்சியா’ என்று கேட்டுவிடுங்கள்: இந்தியப் பணமா, நேபாளப் பணமா என்று அர்த்தம். 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்பதால் வித்தியாசம் கொஞ்சநஞ்சமல்ல.

வேலை முடிந்த மாலையில் தமேலிலிருந்து தெற்கே அசன் சந்தைக்கு நடந்தோம். திபெத் வணிகப் பாதையில் இருந்த பழைய சந்தை. பித்தளைப் பாத்திரங்களும் மசாலா மூட்டைகளும் கருவாடும் தோளை இடிக்கின்றன. நடுவே அன்னபூர்ணா கோயில். உள்ளே அம்மன் உருவம் இல்லை, கலசத்தைத்தான் வணங்குகிறார்கள். மலைக்குப் போகுமுன் அதே பெயர்கொண்டவளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, இந்திர சௌக் வழியாகப் பழைய அரண்மனை இருக்கும் தர்பார் சதுக்கம் போனோம். 2015 நிலநடுக்கத்தில் இடிந்துவிழுந்த பழைய மர மண்டபமான காஷ்டமண்டபம் திரும்பக் கட்டப்பட்டு நிற்கிறது. தமேலிலேயே முடங்கியிருந்தால் இதையெல்லாம் தவறவிட்டிருப்போம்.

மறுநாள் விடியலில் போக்ரா பஸ். 200 கிலோமீட்டர்தான் என்றாலும், சாலை இருக்கிற லட்சணத்தில் பகல் முழுக்கப் போய்விடும். டிக்கெட் எடுக்கும்போதே வலப்பக்க ஜன்னலைக் கேட்டு வாங்குங்கள். பனிமலைகள் அந்தப் பக்கம்தான்.