ராஜா வெளியே வந்தாச்சு, உடனே செக் வைக்காதீங்க

கடலூரிலும் புதுச்சேரியிலும் செஸ் கிளாஸ் போகிற பிள்ளைகள் சீக்கிரமே பழகிவிடும் தாக்குதல் 'ஃபிரைட் லிவர்'. நம்மூர் ஈரல் வறுவல்தான் பெயரின் பொருள். 1610 வாக்கில் இத்தாலிக்காரர் பொலேரியோ ஆடிய ஆட்டம் இன்றும் பதிவில் இருக்கிறது. ஏழு மூவ் வரை எல்லாருக்கும் மனப்பாடம். குதிரையைக் கொடுத்து ராஜாவை நடுப்பலகைக்கு இழுத்தும் விடுகிறார்கள். கெடுவது எட்டாவது, ஒன்பதாவது மூவில்தான்.

முதலில் வரிசை, வெள்ளையும் கறுப்பும் மாறி மாறி. இ4 என்றால் இ வரிசையின் நான்காவது கட்டம்; காயின் பெயர் சொல்லாவிட்டால் அது சிப்பாய் மூவ். இ4, இ5, குதிரை எஃப்3, குதிரை சி6, பிஷப் சி4, குதிரை எஃப்6, குதிரை ஜி5, டி5. வெள்ளைச் சிப்பாய் டி5-ஐ வெட்டுகிறது, எஃப்6 குதிரை திருப்பி வெட்டுகிறது. இப்போது வெள்ளைக் குதிரை எஃப்7-ல் வெட்டி, ராணியையும் யானையையும் ஒன்றாகக் குறிவைக்கிறது. ராஜா அதை வெட்டியதும் ராணி எஃப்3-ல் செக்.

டி5 குதிரையைக் காக்க ராஜா இ6-க்கு ஏறியே ஆக வேண்டும். பயந்து ஜி8-க்கு ஒதுங்கினால் பிஷப் டி5-ல் வெட்டிச் செக். கறுப்பு ராணி பிஷப்பை வெட்டினால் நம் ராணி அதை வெட்டிச் செக். பிஷப் இ6-ல் குறுக்கே வந்தால் அதையும் வெட்டி மேட்.

ராஜா இ6-ல் நிற்கும்போது எட்டாவது மூவ் குதிரை சி3. செக் இல்லை, ஆனால் டி5 மேல் மூன்றாவது காய் சேர்கிறது. கறுப்பின் நல்ல பதில் சி6 குதிரை பி4-க்கு: டி5-க்குக் காவல், சி2-ல் புகுந்து ராஜாவையும் யானையையும் சேர்த்துத் தாக்கும் மிரட்டலும் உண்டு.

இங்கேதான் பலருக்குக் கை பரபரக்கும். பிஷப் டி5-ல் வெட்டிச் செக், பி4 குதிரை வெட்டும், நம் குதிரை வெட்டும், ராணி வெட்டும், ராணிக்கு ராணி மாறி ராஜா கடைசியில் டி5-ல் வந்து உட்காரும். எண்ணிப் பாருங்கள்: நமக்கு ஒரு சிப்பாய் அதிகம், ஒரு பிஷப் குறைவு. ராணிகள் போன பலகையில் அந்த நடு ராஜா பலவீனமே இல்லை, பலம்.

சரியானது ராணி இ4. இதுவும் செக் இல்லை. மூலைவிட்டத்தில் சி2-க்குக் காவல் கிடைக்கிறது. நேர்வரிசையில் இ5 சிப்பாய் ராஜாவோடு கட்டுண்டு போகிறது. கறுப்பு சி6 போட்டு டி5-ஐத் தாங்கும். ஏ3 தள்ளி பி4 குதிரையை ஏ6-க்கு விரட்டிவிட்டு, டி4. இந்த நிலையை ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். இ5 சிப்பாயால் டி4-ஐ வெட்ட முடியாது, வெட்டினால் பின்னால் ராஜா செக்கில். டி5 குதிரையால் அசைய முடியாது, சி4 பிஷப் பிடித்திருக்கிறது. கறுப்பின் இரண்டு பிஷப்பும் இரண்டு யானையும் பிறந்த கட்டத்திலேயே நிற்கின்றன. ஏ6 குதிரை சி7-க்கு வந்து டி5-க்கு முட்டுக் கொடுத்தால், பிஷப் எஃப்4. இ5 மேல் மூன்று காய் அழுத்தம். ராணி பக்கம் கேஸ்லிங் (ராஜாவும் யானையும் ஒரே மூவில் நகர்வது) போட்டால் யானையும் டி வரிசைக்கு வந்துவிடும்.

கறுப்பு பி4-க்குப் பதில் குதிரையை இ7-க்குப் பின்வாங்கினால் தாமதிக்காமல் டி4. நடுப்பலகை திறக்காமல் ராஜா வேட்டை நடக்காது.

ஸ்விஸ் முறைப் போட்டியில் (ஒவ்வொரு ரவுண்டிலும் ஏறக்குறைய அதே புள்ளியில் இருப்பவரோடு ஆடுவது) அடுத்த ரவுண்டே அதே பிள்ளைக்குக் கறுப்புக் காய் வரலாம். அப்போது ஐந்தாவது மூவில் குதிரையால் டி5-ஐ வெட்டாமல், சி6 குதிரையை ஏ5-க்கு அனுப்பி பிஷப்பைத் தாக்க வேண்டும். பிஷப் பி5 செக், சி6; வெள்ளை வெட்டும், பி சிப்பாயால் திருப்பி வெட்டலாம். ஒரு சிப்பாய் நஷ்டம், ஆனால் பிஷப் மறுபடி ஓட வேண்டும், அந்த நேரத்தில் நம் காய்கள் வெளியே வந்துவிடும்.